அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு கணக்கு டீச்சரின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

போன டிசம்பரில் ஒரு சாயங்காலம். பள்ளி விட்டாயிற்று. நான் திருத்தாத நோட்டுகளைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தேன். வகுப்பு வாசலில் ஒரு பையன் வந்து நின்றான். என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவன், இப்போது ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவில் இருக்கிறான். "டீச்சர், பாயிண்ட் கணக்கு மட்டும் கொஞ்சம் சொல்லித் தரீங்களா?" என்று கேட்டான்.

என்ன நடந்தது என்று விசாரித்தேன். ஃபிட்டர் படிப்பில் வெர்னியர் காலிப்பரால் அளவெடுக்க வேண்டும். அதன் மீச்சிற்றளவு, அதாவது அதில் அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு, 0.02 மில்லிமீட்டர். வரைபடத்தில் 12.4 என்று போட்டிருந்ததாம். இவன் அரத்தால் ராவி அளந்து பார்த்தபோது 12.38 வந்திருக்கிறது. "38 பெரிசு, 4 சின்னது. இன்னும் ராவணும்னு நெனச்சு ராவிட்டேன் டீச்சர்." ஏற்கெனவே ஒரு மயிரிழை குறைந்திருந்த இரும்பை இன்னும் குறைத்துவிட்டான். துண்டு வீண்.

அந்தப் பையன் என் பாடத்தில் 43 மதிப்பெண் எடுத்தவன். தேர்ச்சிக்கு 35 போதும் என்பதால், ரிசல்ட் வந்த அன்று அவன் பெயருக்கு நேராக 43 என்று இருந்ததைப் பார்த்து நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நீங்களும்தான் சந்தோஷப்பட்டிருப்பீர்கள், உங்கள் பள்ளியில் இப்படிப்பட்ட 43களைப் பார்த்து. அந்த 43 எப்படி வந்தது என்பதை நான் சொல்லியாக வேண்டும்.

பத்தாம் வகுப்புக் கணக்கு வினாத்தாளின் கட்டமைப்பு உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு மதிப்பெண் வினா 14, இரண்டு மதிப்பெண் 10, ஐந்து மதிப்பெண் 10, கடைசியில் எட்டு மதிப்பெண் 2. அந்தக் கடைசி இரண்டில் ஒன்று செய்முறை வடிவியல், மற்றொன்று வரைபடம். இரண்டும் சேர்ந்து 16. வட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளியிலிருந்து தொடுகோடு வரைவதற்கு வகுத்தல் தெரிய வேண்டாம். எங்கே காம்பஸை ஊன்றுவது, எவ்வளவு திறப்பது, எங்கே வெட்டுவது என்று இருபது முறை வரைந்தால் கை பழகிவிடும். வரைபடத்துக்கும் அப்படித்தான், அட்டவணையை மனப்பாடமாக எழுத வைக்கலாம். ஒரு மதிப்பெண் வினாக்களுக்குப் புத்தகத்தின் பின்பக்கப் பயிற்சி இருக்கிறது. விடை 'அ'வா 'ஆ'வா என்று உருப்போட்டால் பத்து மதிப்பெண்ணாவது தேறும். இரண்டு மதிப்பெண்ணில் கார்ட்டீசியன் பெருக்கல் மாதிரி நாலைந்து கேள்வி. சரி, 35 வந்துவிட்டது. இதற்குத்தான் 'மினிமம் மெட்டீரியல்' என்று பெயர் வைத்திருக்கிறோம். ஜனவரி முதல் மார்ச் வரை மாலை நாலரைக்குமேல் உட்கார வைத்துச் செய்வது இதைத்தான்.

இதைச் செய்யாதீர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. பத்தாம் வகுப்பில் ஃபெயிலான பிள்ளையின் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். அடுத்த மாதமே திருப்பூருக்கோ கல்யாணத்துக்கோ போய்விடும். பாஸ் என்ற ஒரு சொல் அதை ஓரிரு வருடம் தள்ளிப்போடுகிறது. ஆனால் பத்தாம் வகுப்பு ஜனவரியில் செய்யக்கூடியது அவ்வளவுதான். அப்போது யாரிடமும் பின்னம் கற்பிக்க நேரமில்லை. நேரம் இருப்பது ஒன்பதாம் வகுப்பு ஜூனில். நான் எழுதுவது அந்த ஜூனைப் பற்றி.

இந்த 2025-26இல் ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் வரலாற்றைக் கொஞ்சம் பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது இவர்கள் மூன்றாம் வகுப்பு. நான்காம் வகுப்பு முழுக்க வீட்டிலேயே கழிந்தது. ஒன்று முதல் எட்டு வரை பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. அதற்குள் ஐந்தாம் வகுப்பில் பாதி போய்விட்டது. நான்கிலும் ஐந்திலும் கணக்கில் என்ன வருகிறது? நீள் வகுத்தல், பின்னம். அந்த ஃபிட்டர் பையனை மடக்கிய பாயிண்டுக்கு அடித்தளம் இவைதான். 2022இல் அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கியபோது அது ஒன்று முதல் மூன்று வரையான பிள்ளைகளுக்காக வந்தது. இவர்கள் அதற்குள் ஆறாம் வகுப்பு. தன்னார்வலர்கள் பாடம் சொல்லித் தந்த 'இல்லம் தேடிக் கல்வி' மாலை நேரத்தில் கொஞ்சம் கைகொடுத்தது, மறுக்கவில்லை. ஆனால் பாலம் கட்டுமுன் ஆற்றைக் கடந்துவிட்ட கூட்டம் இது. அடுத்த ஆண்டு ஒன்பதுக்கு வரப்போகிறவர்களும் ஏறக்குறைய அப்படியே. அவர்களுக்குப் போனது மூன்றாம் வகுப்பும் நான்கில் பாதியும்.

கொரோனாவே எல்லாவற்றுக்கும் காரணம் என்றும் சொல்ல மாட்டேன். அதற்கு முன்பும் என் வகுப்பில் இதே பிள்ளைகள் இருந்தார்கள், எண்ணிக்கைதான் குறைவு. நாடு முழுவதும் கிராமப்புறத்தில் 14 முதல் 18 வயதுக்காரர்களைப் பற்றி 2023இல் பிரதம் என்ற தொண்டு அமைப்பு எடுத்த அசர் என்ற கல்விக் கணக்கெடுப்பில், மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கும் கணக்கைச் சரியாகச் செய்தவர்கள் 43.3 சதவீதம். அது ஐந்தாம் வகுப்புக்குள் முடிந்திருக்க வேண்டிய கணக்கு.

ஆசிரியர் அறையில் இந்தப் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் "எட்டு வரைக்கும் ஆல் பாஸ் போட்டா இப்படித்தான்" என்பார். மத்திய அரசு 2024 டிசம்பரில் ஐந்திலும் எட்டிலும் நிறுத்தி வைக்கலாம் என்று விதியை மாற்றியபோது தமிழ்நாடு அதை ஏற்கவில்லை. அது எனக்குச் சரியாகவே படுகிறது. நிறுத்தி வைத்தால் என்ன ஆகும்? அதே புத்தகத்தை அதே வேகத்தில் இன்னொரு வருடம் கேட்பான், தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளுடன் உட்கார்ந்து. வகுத்தல் தெரியாதவனுக்கு ஒரு வருடம் கூடுதலாகக் கொடுத்தாலும் யாரும் வகுத்தல் சொல்லித் தராவிட்டால் தெரியாதுதான்.

இனி அந்தப் பிள்ளைகளுக்கு என்னதான் தெரியவில்லை என்பதற்கு வருகிறேன். 'பேசிக்கே தெரியல' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். நானும் பல வருடம் அப்படித்தான் முடித்தேன். தப்பான விடைகளை உட்கார்ந்து படிக்கத் தொடங்கிய பிறகுதான், அவர்களுக்கு எதுவும் தெரியாமல் இல்லை, ஒன்றைத் தப்பாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள் என்பது புரிந்தது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

503இலிருந்து 278ஐக் கழிக்கச் சொன்னால் 375 என்று எழுதுவார்கள். கவனக்குறைவு என்று தோன்றும். இல்லை. ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறார்கள்: எட்டில் மூன்று போனால் ஐந்து, ஏழில் சைபர் போனால் ஏழு, ஐந்தில் இரண்டு போனால் மூன்று. எங்கே கொடுத்தாலும் இதே முறையில், ஒரே சீராகத் தப்பு செய்வார்கள். 'பெரிசுல இருந்து சின்னதைக் கழி' என்று ஒன்றாம் வகுப்பில் யாரோ சொன்னது மனதில் நின்றுவிட்டது. இவர்களுக்கு 'கடன் வாங்கு' என்று நூறு முறை கத்தினாலும் ஏறாது. 503 ரூபாயைக் காகித நோட்டாகக் கையில் கொடுங்கள், ஐந்து நூறு, மூன்று ஒரு ரூபாய். "இதில் 278 கொடு" என்று கேளுங்கள். நூறு ரூபாயைச் சில்லறை மாற்றாமல் வழியில்லை என்று அவனே சொல்வான். ஒரு பீரியட் போதும்.

624ஐ ஆறால் வகுத்தால் 14. நடுவில் இருக்கும் சைபர் காணாமல் போய்விடும். "ஆறு பேருக்கு 600 ரூபாயே தலைக்கு நூறு ஆச்சே, 624 எப்படிடா பதினாலு ஆகும்?" என்று கேட்டால் முகம் மாறும். விடை ஏறக்குறைய எவ்வளவு வரும் என்று முதலில் ஊகிக்கும் பழக்கம் இவர்களிடம் அறவே இல்லை. அதை நாம் கற்பித்ததும் இல்லை, ஏனென்றால் அதற்கு மதிப்பெண் இல்லை.

அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு என்பார்கள். மேலே மேலே கூட்டி, கீழே கீழே கூட்டி. அரையோடு எதைக் கூட்டினாலும் அரையைவிடக் குறையுமா என்று கேட்டால் பதில் வராது, ஏனென்றால் ஐந்தில் இரண்டு என்பது அரையைவிடக் குறைவு என்பதே தெரியாது. அவர்களுக்கு அது ஒரு எண்ணே அல்ல, கோட்டுக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு எண். இங்கே எனக்குக் கைகொடுத்தது ஒரு பழைய பேச்சு. "முக்காலே மூணு வீசம் முடிஞ்சுது" என்று வீட்டில் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா என்று ஒருநாள் கேட்டேன். நாலைந்து பேர் கை தூக்கினார்கள். வீசம் என்றால் பதினாறில் ஒன்று. ஒரு காகிதப் பட்டையைப் பாதியாக மடி, இன்னொரு முறை மடி, இன்னொரு முறை, இன்னொரு முறை. அரை, கால், அரைக்கால், வீசம். விரித்தால் பதினாறு கட்டம். முக்கால் என்றால் பன்னிரண்டு கட்டம், அதன்மேல் மூன்று. மிச்சம் ஒரே ஒரு கட்டம். "அடப்பாவி, அப்போ கொஞ்சூண்டுதான் பாக்கியா!" என்று ஒருத்தி சொன்னாள். பின்னக் கூட்டலை நான் அன்று கரும்பலகையில் எழுதவே இல்லை. (நம் பழைய வாய்ப்பாட்டு நூலான எண்சுவடியில் இருந்த இந்தப் பின்னப் பெயர்களை முழுசாகக் கைவிட்டது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று எழுத ஆரம்பித்தால் இந்த மடல் வேறு மடலாகிவிடும்.)

மைனஸ் மூன்றிலிருந்து ஐந்து போனால் பிளஸ் எட்டு என்று எழுதுகிறவர்களுக்குக் குற்றவாளி நாங்களேதான். 'மைனஸும் மைனஸும் பிளஸ்' என்று பெருக்கலுக்குச் சொன்ன பாட்டை எல்லாவற்றுக்கும் பாடுகிறார்கள். மூன்று ரூபாய் கடன், மேலும் ஐந்து ரூபாய் கடன், மொத்தம் என்ன என்றால் ஒருவரும் தப்பாகச் சொல்வதில்லை.

வாய்ப்பாடு பற்றி ஒன்று. பதினாறு வாய்ப்பாடு வரை ஒப்பி என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடம் சொன்னால் மலையைப் பார்த்த மாதிரி பார்ப்பான். பத்து வரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், நூறு பெருக்கல். ஏழெட்டும் எட்டேழும் ஒன்றுதான் என்று தெரிந்தால் அது 55 ஆகிவிடுகிறது. ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து வாய்ப்பாடுகள் எப்படியும் தெரியும். அவற்றைக் கழித்தால் பாக்கி வெறும் 21. இருபத்தொரு சீட்டு எழுதிக் கையில் கொடுத்து, தெரிந்ததைக் கிழித்துப்போடு என்றேன். மூன்றாம் வாரம் பெரும்பாலானவர்கள் கையில் ஆறேழு சீட்டுதான் இருந்தது. 6×7, 7×8, 6×8 எல்லோர் கையிலும் மிச்சம் இருந்தது, அது என்னவோ தெரியவில்லை.

பையன்கள் சிலர் அப்பாவின் காய்கறிக் கடையில் நின்று தராசும் சில்லறையுமாகக் கணக்கைப் பிழையில்லாமல் முடிப்பார்கள். வகுப்பில் அதே கணக்கை எண்ணில் எழுதிக் கொடுத்தால் திணறுவார்கள். சோம்பேறித்தனம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் பொருளியல் அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ முதலியோர் செய்த ஆய்வு 2025இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்தது. சந்தைக் கணக்கை மனதிலேயே போடும் பிள்ளைகள் பாடப்புத்தகக் கணக்கில் தடுமாறினார்கள். பள்ளிப் பிள்ளைகளோ சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். ஆக, ஒன்று தெரிந்தால் மற்றது தானாக வந்துவிடாது, இரண்டுக்கும் நடுவே யாராவது நின்று கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டும். அந்த வேலையைச் செய்யத்தான் எங்களைப் பள்ளியில் வைத்திருக்கிறார்கள்.

சரி, உங்களிடம் என்ன கேட்கிறேன்?

கால அட்டவணை. அது உங்கள் கையில் இருக்கிறது, வேறு யார் கையிலும் இல்லை. ஜூன் தொடங்கி எட்டு வாரம், ஒன்பதாம் வகுப்புக்குத் தினமும் காலை முதல் பீரியடைக் கணக்குக்குக் கொடுங்கள். கூடுதல் பீரியட் கேட்கவில்லை. எங்கள் பள்ளியில் கணக்குக்கு வாரம் ஏழு பீரியட். அதில் ஐந்தைக் காலைக்கு நகர்த்தினால் போதும். நாற்பது பீரியட் கிடைக்கும். மாலை ஸ்பெஷல் கிளாஸ் வேண்டாம். மாலையில் பசிக்கும், பஸ் போய்விடும், பெண்பிள்ளைகளை வீட்டில் தேடுவார்கள். யாருக்கு மிகவும் தேவையோ அவர்கள்தான் மாலையில் முதலில் நழுவுகிறவர்கள். மும்பையிலும் வதோதராவிலும் 'பால்சகி' என்ற திட்டத்தில் உள்ளூர்ப் பெண்கள் மூன்றாம் நான்காம் வகுப்பில் பின்தங்கிய பிள்ளைகளைத் தனியாக அழைத்து அடிப்படை சொல்லித் தந்தார்கள். பலன் இருந்தது என்று 2007இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அது நடந்தது பள்ளி நேரத்துக்குள், தினமும் இரண்டு மணி நேரம். நான் கேட்பது அதில் பாதிகூட இல்லை.

இரண்டாவது, ஒன்பது-ஏ, ஒன்பது-பி இரண்டுக்கும் அந்தக் கணக்கு பீரியட் ஒரே நேரத்தில் வரட்டும். அப்போதுதான் பிள்ளைகளைப் பிரிவு வாரியாக இல்லாமல் அவரவர் நிற்கும் இடத்தை வைத்துக் குழு பிரிக்க முடியும். கழித்தலில் நிற்பவர்கள் ஓர் அறை, பின்னத்தில் நிற்பவர்கள் இன்னோர் அறை. ஒரே ஒரு கணக்கு ஆசிரியர்தான் இருக்கிறார் என்றால் அறிவியல் ஆசிரியரைத் துணைக்கு விடுங்கள். பின்னமும் தசமமும் தெரியாமல் அவருக்கும் இயற்பியல் ஓடாது, சந்தோஷமாக வருவார். யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்கப் பெரிய தேர்வு வேண்டாம். பன்னிரண்டு கணக்கு, ஒரு பக்கம், ஒரு பீரியட். ஆனால் மதிப்பெண் போடக் கூடாது, தப்பை மட்டும் படிக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழு மாற வேண்டும். மாறாத குழு பிறகு சாதி மாதிரி ஆகிவிடும்.

அப்புறம் அந்தப் பெயர். 'மெல்லக் கற்போர்' என்று பட்டியல் போட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மைக்கில் வாசித்ததையும் கேட்டிருக்கிறேன். பதினாலு வயது. மீசை அரும்புகிற நேரம். அந்தப் பட்டியலில் பெயர் வந்தவன் அடுத்த நாள் லீவு. எங்கள் பள்ளியில் இதைச் செய்து பார்த்த குழுக்களுக்கு அறை எண்தான் பெயர். மூன்றாம் வகுப்புப் புத்தகத்தையும் கையில் கொடுப்பதில்லை. அதில் இருக்கும் முயல் படத்தைப் பார்த்தாலே சுருங்கிப்போவார்கள். பைக் மைலேஜ், ரீசார்ஜ் பிளான், கிரிக்கெட் ரன் ரேட், நகைக்கடை வட்டி, இவற்றை வைத்தே அத்தனை வகுத்தலையும் தசமத்தையும் போட்டுவிடலாம்.

போர்ஷன் என்ன ஆவது என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான், காலாண்டுத் தேர்வு நிற்காது. ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். முதல் பாடம் கண மொழி. வென்படம், சேர்ப்பு, வெட்டு. அதற்குப் பின்னமும் வேண்டாம், நீள் வகுத்தலும் வேண்டாம். வாரத்தில் மீதி இருக்கும் இரண்டு பீரியட், எட்டு வாரத்துக்குப் பதினாறு. கண மொழிக்கு அது தாராளம். இரண்டாம் பாடம் மெய்யெண்கள் வரும்போதுதான் விகிதமுறு எண்ணின் தசம விரிவு என்று ஆரம்பித்து எல்லாம் ஒரேயடியாகத் தேவைப்படும். அது ஆகஸ்டில் வரட்டும். புத்தகம் எழுதியவர்கள் இதை யோசித்து வரிசைப்படுத்தினார்களோ என்னவோ, நமக்கு வசதியாக அமைந்திருக்கிறது. அடிப்படை தெரிந்த பிள்ளைகள் அந்த நாற்பது நாளில் என்ன செய்வார்கள் என்பதும் நியாயமான கேள்வி. அவர்களுக்கு மூன்றாவது அறை. மூன்றால் வகுபடும் விதி ஏன் வேலை செய்கிறது என்று நிறுவச் சொல்லுங்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் அதில் முழி பிதுங்குவதைப் பார்ப்பது ஒரு தனி ஆனந்தம்.

2025-26இல் ஆறு முதல் ஒன்பது வரைக்குமாகத் 'திறன்' இயக்கம் வந்திருக்கிறது. தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றிலும் அடிப்படையை எட்டிப்பிடிக்க வைப்பதற்கென்றே ஒரு திட்டம். பல வருடமாக நாங்கள் கேட்டது இது, வரவேற்கிறேன். ஆனால் எந்தத் திட்டமும் கடைசியில் ஒரு பீரியடாகத்தான் வகுப்புக்குள் வரும். அந்தப் பீரியட் சாப்பாட்டுக்குப் பிந்தைய தூக்க நேரத்தில் இருந்தால், அதில் ஆசிரியர் செல்போனில் விவரம் ஏற்றிக்கொண்டிருந்தால், விளையாட்டு விழா ஒத்திகைக்கு முதலில் பலியாவது அதுவாக இருந்தால், பயிற்சிப் புத்தகம் நிரம்பும், பிள்ளைக்கு ஒன்றும் நிரம்பாது. முதல் பீரியட் என்று நான் பிடிவாதமாகக் கேட்பது இதனால்தான். காலை ஒன்பதரை மணியை யாரும் எளிதில் திருட மாட்டார்கள்.

நாற்பது நாளில் எல்லோரும் தேறிவிடுவார்கள் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. என் வகுப்பில் தேறாதவர்கள் இருந்தார்கள். இரண்டு பேருக்கு எண்களே இடம் மாறித் தெரிந்தன, அவர்களைச் சிறப்பு ஆசிரியரிடம் காட்ட வேண்டியிருந்தது. ஒருவன் ஜூலையோடு நின்றுவிட்டான், செங்கல் சூளைக்குப் போன குடும்பம். பின்னத்தில் தேறியவர்கள் சிலர் தசமத்தில் மறுபடி விழுந்தார்கள். ஆனால் செப்டம்பரில் இயற்கணிதம் நடத்தும்போது வகுப்பில் ஒரு சத்தம் இருந்தது. அதற்கு முந்தைய வருடங்களில் அந்த நேரம் நான் மட்டும்தான் பேசிக்கொண்டிருப்பேன்.

அந்த ஃபிட்டர் பையன் அதற்குப் பிறகு நான்கு சனிக்கிழமை வந்தான். காசை வைத்துத்தான் தொடங்கினோம். 12.4 என்பது பன்னிரண்டு ரூபாய் நாற்பது காசு, 12.38 என்பது பன்னிரண்டு ரூபாய் முப்பத்தெட்டு காசு. அவன் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதை ஏன் டீச்சர் எனக்கு முன்னாடியே சொல்லலை?" என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை, சும்மாதான் கேட்டான். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அடுத்த கணக்கைப் போடச் சொன்னேன்.

மே கடைசியில் கால அட்டவணை போட உட்காருவீர்கள். அதற்கு முன் உங்கள் பள்ளிக் கணக்கு ஆசிரியரை ஒரு பத்து நிமிடம் கூப்பிட்டுப் பேசுங்கள். பன்னிரண்டு கணக்குத் தாளை அவரே தயாரித்துவிடுவார்.

இப்படிக்கு,
பட்டதாரி ஆசிரியை (கணிதம்),
ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி